எழுபது வளைவு ஏறி ஒரு டாக்டர் பட்டம் வரட்டும்

பட்டமளிப்பு விழா நேரலை இருக்கிற நாளில் செம்மேட்டில் என்னைத் தேடி யாரும் அலைய வேண்டாம். சிக்னல் நன்றாக எடுக்கும் டீக்கடைப் பெஞ்சின் ஓரத்தில், செல்போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஊரில் கிரிக்கெட் பைத்தியம் உண்டு, சினிமாப் பைத்தியம் உண்டு. என்னைப் பிடித்திருப்பது கௌரவ டாக்டர் பட்டப் பைத்தியம். "என்ன சாரு, இன்னிக்கு யாருக்கு டாக்டரு?" என்று டீ ஆற்றிக்கொண்டே கேட்பார் கடைக்காரர். பெயரைச் சொன்னால் டம்ளர் கழுவுவதை விட்டுவிட்டு அவரும் எட்டிப் பார்ப்பார். கொல்லிமலைப் பள்ளிக்கு ஆசிரியராக வந்ததிலிருந்து பாடம் நடத்தியது போக நான் பரப்பிய விஷயம் இது ஒன்றுதான்.

சிரிக்காதீர்கள். ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

முதலில் அந்த ஊர்வலம். பேண்டு வாத்தியம் முழங்க, செங்கோல் முன்னே வர, பேராசிரியர்களும் சிண்டிகேட் உறுப்பினர்களும் வண்ண அங்கிகளில் வரிசையாக நடப்பார்கள். பதிவாளர், துணைவேந்தர், கடைசியில் வேந்தர். அரங்கமே எழுந்து நிற்கும். அந்த வரிசையில் ஒருவர் மட்டும் புதிதாகத் தெரிவார். அங்கி தோளில் சரியாக உட்கார்ந்திருக்காது. தொப்பியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். கூட நடப்பவர்களின் காலடியைக் கவனித்து நடை போடுவார். வாழ்நாள் முழுக்க மேடையே வீடாக வாழ்ந்த பெரிய கலைஞராக இருப்பார். இந்த மேடைக்கு வரும்போது மட்டும் முதல் நாள் பள்ளிக்கு வந்த பிள்ளை மாதிரி ஆகிவிடுவார். அந்தக் கூச்சத்தைப் பார்ப்பதற்காகவே நான் எத்தனை மணி நேரமானாலும் காத்திருப்பேன்.

பிறகு தகுதியுரை. துணைவேந்தர் எழுந்து, இவர் யார், என்ன செய்தார், ஏன் இவரை அழைத்தோம் என்று வாசிப்பார். ஒரு மனிதரின் அறுபது ஆண்டு உழைப்பு இரண்டு பக்கத்தில் அடங்கி ஒலிபெருக்கியில் வரும். வாசிக்க வாசிக்க, உட்கார்ந்திருக்கும் பெரியவர் தலை தாழ்ந்துகொண்டே போகும். அதன் பின் வேந்தர் கையிலிருந்து சுருள் கை மாறும், கைதட்டல் எழும். அந்தக் கைதட்டலில் கூரை அதிராவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்!

இதை நேரில் பார்க்கும் பாக்கியமும் எனக்கு வாய்த்தது. அக்கா மகள் பட்டம் வாங்கிய விழா. பட்டுச் சேலைக்கு மேல் வாடகைக் கவுன், அது நழுவாமல் இருக்க நாலு ஊக்கு, வியர்வையில் கரைந்த பவுடர் என்று பிள்ளைகள் எல்லாம் கலகலத்துக்கொண்டிருந்தார்கள். அன்று கௌரவ டாக்டர் பட்டம் பெற வந்தவர் ஒரு முதிய நாதஸ்வர வித்வான். பெயர் அழைத்ததும் எழுந்தார். படியருகே போனவர் சட்டென்று நின்று, குனிந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். சூட்டும் பளபளக்கும் ஷூவுமாக நின்ற பேராசிரியர்களுக்கு ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியவில்லை. துணைவேந்தர் மட்டும் இரண்டு அடி முன்னால் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பின்வரிசையில் ஒரு பையன் விசில் அடித்தான். யாரும் அதட்டவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அக்கா மகளின் பட்டம் அன்றைக்கு எனக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் தீரவில்லை.

தேர்வே எழுதாமல் வாங்குகிற பட்டம்தானே என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். அவர்களுக்கு நான் 2022 நவம்பர் 11ஐ நினைவூட்டுவேன். திண்டுக்கல் மாவட்டத்துக் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தின் 36ஆவது பட்டமளிப்பு விழா. பிரதமர் வந்திருந்தார், ஆளுநர் வந்திருந்தார், முதல்வர் வந்திருந்தார். ஆனால் என் கண் போன இடம் வேறு. ஒரு பக்கம் மிருதங்க மேதை உமையாள்புரம் சிவராமன், வயது 86. இன்னொரு பக்கம் இளையராஜா, வயது 79. இரண்டு பேருக்கும் ஒரே மேடையில் கௌரவ டாக்டர் பட்டம்! மிருதங்கத்தையும் கர்னாடக மேடையையும் உலகம் சுற்ற வைத்தவர் ஒருவர். பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்டு, 1976இல் 'அன்னக்கிளி'யோடு வந்து, தமிழ்நாட்டின் ஒவ்வொரு டீக்கடைக்கும் இசை வாத்தியாராக ஆனவர் இன்னொருவர். சொல்லுங்கள், இளையராஜாவுக்கு வினாத்தாள் எடுக்கும் பேராசிரியர் எங்கே இருக்கிறார்? சிவராமனின் தனி ஆவர்த்தனத்துக்கு மதிப்பெண் போட யாரிடம் சிவப்பு மை இருக்கிறது?

அன்றைக்கு டீக்கடையில் பெருங்கூட்டம். மிளகு மூட்டையோடு சோளக்காட்டுச் சந்தைக்குப் போக நின்ற ஒரு பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "இவரு பாட்டுப் போடுறவரு இல்ல? இவருக்கு இப்பத்தான் பட்டம் குடுக்கிறாங்களா?" என்று கேட்டார். பல்கலைக்கழகங்களைப் பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

அடுத்த ஆண்டு, 2023 நவம்பர் 21 அன்று, தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் பி.சுசீலாவுக்குப் பட்டம் கொடுத்தது. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வேந்தர் முதலமைச்சரே. பட்டத்தை அவர் கொடுக்க, சுசீலாம்மா வாங்கினார். அந்தக் குரல் கேட்டு வளர்ந்த தலைமுறை இந்த மலையிலும் உண்டு. அன்று எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் மதியச் சோறு ஆறிப்போனது என்பதைப் பதிவு செய்கிறேன்.

இப்போது, கொல்லிமலைக்காரன் எதற்கு இந்த விஷயத்தில் இத்தனை உரிமை கொண்டாடுகிறேன் என்று கேட்பீர்கள். உரிமை இருக்கிறது. மேடை போட்டு, பேர் சொல்லி, அறிந்தவர்களை மதிப்பது இந்த மலைக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம்.

கடையெழு வள்ளல்களில் ஒருவன் வல்வில் ஓரி. கொல்லிமலை அவனுடையது. புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் அவனைக் காட்டும் காட்சி இருக்கிறதே, அடடா! காட்டில் ஒரு வேடன் விட்ட ஒற்றை அம்பு யானையைச் சாய்த்து, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைக் கடந்து, புற்றில் இருந்த உடும்பில் போய்த் தங்குகிறது. இவன் யாரோ எளிய வேடன் இல்லை என்று வியந்த பாணர் கூட்டம் அவன் முன்னால் பாடி ஆடி, கடைசியில் 'கோ' என்று விளிக்கிறது. அது தன்னைக் குறிக்கிறது என்று தெரிந்ததும் அவன் நாணுகிறான்! யானையை வீழ்த்தியவன் புகழ்ச்சி கேட்டு வெட்கப்படுகிறான். தகுதியுரை வாசிக்கும்போது தலை தாழும் பெரியவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஓரிதான் ஞாபகத்துக்கு வருகிறான். வெட்கப்பட்டதோடு நிற்கவில்லை அவன். வேட்டையில் கிடைத்த இறைச்சியும், நறுமணம் கமழும் மதுவும், தன் மலையில் பிறந்த பொன்னும் மணியும் அந்தக் காட்டிலேயே வாரிக் கொடுக்கிறான்.

அடுத்த பாடலுக்கு, 153க்கு, வாருங்கள். ஓரியைப் பார்க்கப் போன கலைஞர் சுற்றத்துக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? குளத்தில் பூக்காத குவளை. பொன்னால் செய்து, வெள்ளி நாரில் தொடுத்தது. கூடவே யானைகள். வயிறாரச் சாப்பிட்ட மயக்கத்தில் அவர்கள் ஆட்டத்தையும் பாட்டையும் மறந்தே போனார்களாம். தங்கப் பதக்கமும் கழுத்தில் விழும் பட்டையும் எங்கிருந்து வந்தன என்று யாராவது கேட்டால் நான் கிழக்கே கை காட்ட மாட்டேன், மேற்கே கை காட்ட மாட்டேன். நிமிர்ந்து இந்த மலையைக் காட்டுவேன். ஆதாரம் கேட்டால் 153ஐப் படித்துக் காட்டுவேன்.

இந்தச் சங்கிலியில் அடுத்த கண்ணி இன்னும் அழகு. அந்தப் புறநானூறு நம் கைக்கு வந்தது எப்படி? 1855இல் பிறந்த, உத்தமதானபுரத்து உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகச் சுவடி தேடி அலைந்து, ஒப்பிட்டு, பாடம் பார்த்து, 1894இல் அச்சிட்டதால் வந்தது. அவர் எந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்? எதிலும் இல்லை! மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் காலடியில் உட்கார்ந்து படித்த படிப்பு அது. அந்தப் படிப்பை நம்பித்தான் கும்பகோணம் கல்லூரி அவரை ஆசிரியராக வைத்துக்கொண்டது, பின்னால் சென்னை மாநிலக் கல்லூரியும் அழைத்துக்கொண்டது. 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. ஓரி பாணர்களுக்குப் பொற்பூ கொடுத்தான். பாணர்கள் ஓரிக்குப் பாட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பாட்டை மீட்டுக் கொடுத்தவருக்குப் பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தது. என் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை நான் வருடா வருடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அலுக்கவே இல்லை, எனக்கு.

கௌரவப் பட்டத்தின் பிறப்பு ஒன்றும் இவ்வளவு புனிதமானதல்ல என்பதும் எனக்குத் தெரியும். 1470களின் கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் லயனல் வுட்வில் என்பவருக்குக் கொடுத்ததைத்தான் முதல் கௌரவப் பட்டம் என்கிறார்கள். அவர் இங்கிலாந்து அரசனின் மைத்துனர். காரணம் புரிகிறது அல்லவா? ஆனாலும் காலம் அந்தப் பட்டத்துக்கு நல்ல புத்தி கொடுத்தது. இரண்டே ஆண்டு பள்ளிக்கூடம் போன பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கு 1759இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தது. அதிலிருந்து அவர் 'டாக்டர் ஃபிராங்க்ளின்'. 1996இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரி, கெர்மிட் என்ற பொம்மைத் தவளைக்கே பட்டம் கொடுத்து, பட்டமளிப்பு உரையும் ஆற்றச் சொன்னது. எங்கள் ஆறாம் வகுப்பு இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு பையன் மட்டும், "பொம்மைக்குப் பின்னாடி கைய விட்டு ஆட்டுறவருக்கும் குடுத்தாங்களா சார்?" என்று கேட்டான். அவனுக்கு எதிர்காலம் இருக்கிறது.

ஆனால் உலகத்துப் பட்டமளிப்பு விழாக்களில் என்னை விட்டால் எதற்குப் போவேன் என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: 1940 ஆகஸ்ட் 7, சாந்திநிகேதன். தாகூருக்கு டாக்டர் பட்டம் கொடுக்க ஆக்ஸ்ஃபோர்டு முடிவு செய்தது. கவிக்கு வயது 79, உடல்நிலை சரியில்லை, உலகப் போர் வேறு. அவர் போக முடியாது. சரி, நாம் போவோம் என்று பல்கலைக்கழகமே புறப்பட்டு வந்துவிட்டது! ஆக்ஸ்ஃபோர்டின் சார்பில் சர் மாரிஸ் குவையரும் சர்வபள்ளி ராதாகிருஷ்ணனும் அங்கி அணிந்து, வங்காளத்துக் கிராமப்புறத்தில் சிறப்புப் பட்டமளிப்பு விழா நடத்தினார்கள். லத்தீனில் தகுதியுரை வாசிக்கப்பட்டது. கவி சமஸ்கிருதத்தில் பதில் சொன்னார். மதிக்க வேண்டியவர் இருக்கும் இடம் தேடிப் போவதுதான் மதிப்பு என்று அன்றைக்கு ஆக்ஸ்ஃபோர்டுக்கே புரிந்திருக்கிறது.

குறை சொல்பவர்களுக்கும் இடம் விடுகிறேன், நான் நியாயஸ்தன். மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், கார்னெல் போன்ற பெரிய நிறுவனங்கள் கௌரவ டாக்டர் பட்டமே கொடுப்பதில்லை. படித்து வாங்கினால்தான் பட்டம் என்பது அவர்கள் கட்சி. நம் ஊரிலோ பதவியில் இருப்பவரைத் தேடிப் பட்டம் ஓடிய காலங்களும் உண்டு. பணம் கட்டினால் பட்டம் தருகிற கூட்டமும் உண்டு. 2023 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக அரங்கத்தையே வாடகைக்குப் பிடித்து, ஒரு தனியார் அமைப்பு பிரபலங்களுக்குப் போலி டாக்டர் பட்டம் வழங்கிய கூத்து போலீஸ் வழக்கு வரை போனது. வாங்கிய கலைஞர்கள் பாவம், ஏமாந்தவர்கள். இதையெல்லாம் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பார் எங்கள் கணக்கு ஆசிரியர். நான் மசிய மாட்டேன். கள்ள நோட்டு அடிப்பவன் செல்லாத காசையா அடிக்கிறான்? உண்மைப் பட்டத்துக்கு மரியாதை இருப்பதால்தான் போலி நடமாடுகிறது.

எனக்கு இதில் பிடித்த கணக்கு ஒன்றே ஒன்றுதான். பல்கலைக்கழகம் தனக்குள் விளையாத அறிவைப் பார்த்து, 'இது எங்களிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது' என்று பொதுமேடையில் எழுந்து நின்று ஒப்புக்கொள்ளும் நாள் அது. ஒடிசாவில் ஹல்தர் நாக் என்று ஒரு கவிஞர் இருக்கிறார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கோசலி மொழியில் அவர் கட்டிய காவியங்கள் ஆய்வுப் பொருளாகிவிட்டன. 2016இல் பத்மஸ்ரீ வந்தது. 2019இல் சம்பல்பூர் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. வெறுங்காலோடும் வேட்டியோடும் நடமாடும் அந்த மனிதரின் படத்தை என் வகுப்பறையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இனி கொல்லிமலைக்கு வருகிறேன். வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் எண்பதுக்கும் மேற்பட்ட கௌரவ டாக்டர் பட்டங்கள் பெற்றவர். உலகத்துப் பல்கலைக்கழகங்கள் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்தன. அவர் 1988இல் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியத்தைத் தேடி வந்த இடங்களில் ஒன்று இந்த மலை. ஏன் இங்கே? ஏனென்றால் இங்கே பெண்கள் விதை வைத்திருந்தார்கள். சாமை என்றால் ஒரே சாமை இல்லை. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலசாமை, வெள்ளைப்பெருஞ்சாமை. தினையில் செந்தினை, பெருந்தினை, மூக்காந்தினை, பாலாந்தினை, கோராந்தினை. கேழ்வரகில் சுண்டாங்கி, காராக்கேழ்வரகு, அரிசிக்கேழ்வரகு. எது எந்த மண்ணில் வரும், எது மழை பொய்த்தாலும் காப்பாற்றும், எது பிள்ளை பெற்றவளுக்குக் கஞ்சிக்கு ஆகும் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் தலைக்குள் இருந்தது. ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி போட்டால் கையில் காசு என்று மலையே மாறிய காலத்திலும், வீட்டுக்கென்று ஒரு துண்டு நிலத்தில் சாமை தெளித்து, விதையைச் சாம்பலில் புரட்டிக் காத்தவர்கள் அவர்கள். அதன் மேல்தான் விதை வங்கி வந்தது, உமி நீக்கும் இயந்திரம் வந்தது, மகளிர் குழுக்கள் மாவாகவும் ரவையாகவும் விற்கும் வியாபாரம் வந்தது. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தபோது உலகம் கண்டுபிடித்ததை, எங்கள் பாட்டிகள் தொலைக்கவே இல்லை.

அந்தப் பாட்டிகளில் ஒருவருக்கு ஒரு பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தால் எப்படி இருக்கும்! நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. நடக்காத காரியமும் இல்லை. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் பாம்புபிடி வல்லுநர்கள் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ வந்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டிய கைகள் அவை. குடியரசுத் தலைவர் மாளிகை வழி காட்டிவிட்டது. பல்கலைக்கழகங்கள் பின்னால் வர வேண்டியதுதான் பாக்கி.

மேடைக்குக் கூடப் பஞ்சமில்லை. ஆடி 17, 18 தேதிகளில் செம்மேட்டில் அரசு வல்வில் ஓரி விழா நடத்துகிறது. மலை முழுக்கத் திரளும். அறப்பளீஸ்வரர் கோயிலிலும் ஆகாய கங்கையிலும் கூட்டம் நெருக்கும். ஓரி சிலைக்கு மாலை விழும், வில்வித்தைப் போட்டி நடக்கும், மலைப்பழங்களும் மூலிகைகளும் கண்காட்சியில் அடுக்கியிருக்கும். பந்தல் போட்டாகிவிட்டது, மைக் கட்டியாகிவிட்டது, கூட்டம் வந்தாகிவிட்டது. துணைவேந்தர் ஒருவர் வர வேண்டியது மட்டும்தான் மிச்சம். ஆக்ஸ்ஃபோர்டு கடல் தாண்டி வந்ததே, நம் பல்கலைக்கழகம் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரக் கூடாதா?

எனவே தமிழ்நாட்டுத் துணைவேந்தர்கள் அனைவருக்கும் இந்த மலைவாசி வாத்தியாரின் பணிவான விண்ணப்பம். சிண்டிகேட் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள், வேந்தரிடம் ஒப்புதல் வாங்குங்கள், ஆடி பதினெட்டுக்குப் புறப்படுங்கள். செங்கோலையும் அங்கிகளையும் மறக்காதீர்கள். வளைவுகளுக்கு எலுமிச்சம்பழமும் சாரலுக்குக் கம்பளியும் நீங்களே கொண்டுவர வேண்டும். தகுதியுரைக்கு வேண்டிய விவரமெல்லாம் சேகரித்து நான் தயாராக வைத்திருக்கிறேன். விழா முடிந்ததும் சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் உண்டு. கைதட்டலைப் பற்றிக் கவலையே வேண்டாம், அதற்கு ஒரு மலையே பொறுப்பு.